அப்பாவுக்குக் காய்ச்சலே வரவில்லை, கிருமி மட்டும் வந்திருந்தது | ஏற்காடு வ்லாக்

வணக்கம். சத்தம் கேட்கிறதா? காலையிலிருந்து மழை, எங்களுடையது தகரக் கூரை, அதனால் மைக்கை வாய்க்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். இன்றைக்கு ஏரி, படகு, பூங்கா எதுவும் கிடையாது. இந்த நோட்டு மட்டும்தான்.

இது எங்கள் வீட்டுப் பால் கணக்கு. எழுதுவது அப்பா. காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர், கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். போன அக்டோபர் பக்கத்தைக் காட்டுகிறேன். 11ஆம் தேதி வரை எல்லா வரியும் நேர். 12இல் எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்குகிறது, பார்த்தீர்களா? 13 இரண்டு தடவை எழுதியிருக்கிறார். 14 காலி. அன்று ராத்திரிதான் அவரைச் சேலத்துக்குக் கொண்டுபோனோம்.

அப்பாவுக்கு ஈரல் சுருக்கம், அதாவது சிரோசிஸ். குடியா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள், அதுவும் குரலைத் தாழ்த்திக்கொண்டு. இல்லைங்க. பல வருஷச் சர்க்கரை, ஈரலில் கொழுப்பு, அதிலிருந்து வந்தது. வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். அவ்வப்போது கீழே போய் ஊசி குத்தி எடுத்துவிட்டு வருவோம். 20 கொண்டை ஊசி வளைவையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டே கடப்பார் மனிதர்.

அந்த வாரம் காய்ச்சல் இல்லை. தெர்மாமீட்டர் 98-ஐத் தாண்டவில்லை. பகலில் தூக்கம், அம்மாவிடம் காரணமில்லாத கோபம், சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தார். மழைக்குச் சளி பிடித்திருக்கும் என்று நானே ஒரு மெடிக்கலில் சொல்லி ஆன்டிபயாடிக் வாங்கி வந்தேன். அட்டைக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருந்தது. சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாது என்பதற்கான கோடு. கடைக்காரரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு வேளை கொடுத்தும்விட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டதே, "வீட்டில் ஏதாவது ஆன்டிபயாடிக் கொடுத்தீர்களா?" என்றுதான். வயிற்று நீரைக் கொஞ்சம் எடுத்து, கட்டிலுக்குப் பக்கத்திலேயே கல்ச்சர் பாட்டிலில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கிற பாட்டிலில், விட்டார்கள். நீரில் நியூட்ரோஃபில் என்கிற வெள்ளணு ஒரு கன மில்லிமீட்டரில் 250-ஐத் தொட்டாலே கிருமித் தொற்று என்று வைத்தியம் தொடங்கிவிடுவார்களாம். அப்பாவுக்கு 1,400. கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. என்ன கிருமி என்று தெரிந்திருந்தால் அதற்கேற்ற மருந்தைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். நான் கொடுத்த அந்த இரண்டு மாத்திரை அதைக் கெடுத்திருக்கலாம்.

இன்னொன்று. ரத்தப் பரிசோதனையில் வெள்ளணு 8,500. லேப் சீட்டில் 4,000 முதல் 11,000 வரை நார்மல் என்று போட்டிருந்தது, எனக்கு நிம்மதி. டாக்டருக்கு நிம்மதி இல்லை. மண்ணீரல் வீங்கியிருப்பதால் அப்பாவுக்கு எப்போதும் 3,000தான் இருக்கும். அப்பா உடம்பின் கணக்குப்படி 8,500 என்பது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

சரி, ஏன் இப்படி? நான் பி.காம்., டாக்டர் இல்லை. எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். குடலிலிருந்து வரும் ரத்தம் முதலில் ஈரலுக்குத்தான் போகும். அங்கே குப்ஃபர் செல்கள் என்று காவல்காரர்கள் உண்டு. குடலிலிருந்து தப்பி வரும் கிருமியைப் பிடித்து விழுங்குவது அவர்கள் வேலை. நம் அடிவாரம் செக்போஸ்ட் மாதிரி. ஈரல் தழும்பேறி இறுகிவிட்டால் ரத்தம் உள்ளே நுழைய முடியாமல் வேறு வழி தேடும். மலைப்பாதையில் மண் சரிந்தால் வண்டிகளைக் குப்பனூர் பக்கம் திருப்பிவிடுவார்களே, அதுபோல. ஆனால் உடம்புக்குள் இருக்கிற அந்தச் சுற்றுவழியில் காவல் கிடையாது. போதாததற்கு, கிருமியை அடையாளம் காட்டும் புரதங்களைச் செய்வதும் ஈரல்தான், அதுவும் குறைந்துபோகிறது. மீதமிருக்கும் வெள்ளணுக்களோ ராப்பகலாக எரிச்சலில் கிடந்து, நிஜமான கிருமி வரும்போது கை ஓய்ந்துபோகின்றன. அதனால்தான் காய்ச்சலாகக்கூட வெளியே தெரியவில்லை.

நரம்பு வழியாக செஃபோடாக்சிம் என்கிற ஆன்டிபயாடிக் போட்டார்கள். கூடவே ஆல்புமின் என்கிற ரத்தப் புரதம், சிறுநீரகத்தைக் காப்பாற்ற. முதல் நாள் கிலோவுக்கு ஒன்றரை கிராம், மூன்றாம் நாள் ஒரு கிராம். அப்பா 60 கிலோ. அப்படியென்றால் 90 கிராம். ஒரு பாட்டிலில் 20 கிராம், நாலரை பாட்டில். விலையைச் சொன்னால் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு வெள்ளி எடுக்கிற மாதிரி இருந்தது. நல்ல ஈரல் தினமும் சும்மா செய்து தருகிற சரக்கு அது!

இப்போது தினமும் நார்ஃப்ளாக்சசின் 400, ஆன்டிபயாடிக் மாத்திரை. ஒரு தடவை வந்தவர்களுக்குத் திரும்ப வராமலிருக்க. 1990இல் ஸ்பெயினில் செய்த ஆய்வில், ஒரு வருஷத்துக்குள் திரும்ப வரும் வாய்ப்பு இதைச் சாப்பிட்டவர்களுக்கு 20 சதவீதம், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 68 சதவீதம். ஆனால் கிருமியும் பழகிக்கொள்ளும், மருந்துக்கு மசியாத கிருமி வரும். அதனால் ஈரல் நோய் என்றாலே எல்லோருக்கும் எழுதிவிட மாட்டார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் தனக்கும் நாலு மாத்திரை கேட்டார். அவருக்கு வெறும் தும்மல். கொடுக்கவில்லை, இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

ரிஃபாக்சிமின் 550 காலையும் இரவும் தனி. அதுவும் ஆன்டிபயாடிக்தான், ஆனால் ரத்தத்தில் அதிகம் சேராமல் குடலிலேயே வேலை செய்யும். நோட்டில் பார்த்தீர்களே, அந்தப் புத்தி தடுமாற்றத்துக்காக, லாக்டுலோஸ் பாகோடு சேர்த்து. அப்புறம், வருஷக்கணக்காகத் தினமும் போட்டுக்கொண்டிருந்த கேஸ் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். வயிற்று அமிலம் கிருமியைக் கொல்லுமாம், அதைத் தேவையில்லாமல் குறைத்தால் இந்தத் தொற்றுக்கு வழி திறந்துவிடும். இது எனக்கு அதிர்ச்சிதான். நம் வீடுகளில் அதை மிட்டாய் மாதிரி அல்லவா சாப்பிடுகிறோம்? ஆனால் ரத்த வாந்தி எடுத்தவர்கள், அல்சர் இருப்பவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது, கேட்டுவிட்டுத்தான்.

காபிக்குத் தடை இல்லை. ஈரலுக்கு நல்லது என்றுகூடச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அதைக் கேட்டதிலிருந்து எஸ்டேட் ஆளைப் பிடிக்க முடியவில்லை. தட்டுவடை செட்டுக்குத்தான் தடை, உப்பு.

அப்பா, பால் வந்தாச்சா? ...வந்துவிட்டது. கொஞ்சம் இருங்கள், நோட்டைக் கேட்கிறார். இன்றைக்கு 9. அரை லிட்டர். ‘லி’யின் கொக்கி கோட்டின் மேலேயே நிற்கிறது, கேமராவுக்குத் தெரிகிறதா? சரி, நான் போய்க் காபி போடுகிறேன்.