நாரி நோவும் நியாயமான ஒப்பீடும்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் ஐயா ஒருவர், நீரிழிவுக் கிளினிக்குக்கு வந்த இடத்தில், பழைய சோடாப் போத்தலில் பாதியளவு மிஞ்சியிருந்த நோவெண்ணெயை என் மேசையில் வைத்தார். காலபோக அறுவடையின்போது நெல் மூட்டை தூக்கி அவருக்கு நாரி, அதாவது கீழ் முதுகு, பிடித்துவிட்டது. "மூன்று நாள் நிமிர ஏலாமல் கிடந்தனான், டொக்டர். நாலாம் நாள் இதைப் பூசினன். ஒரு கிழமையில எழும்பி நடந்திட்டன். இதைவிட வேறென்ன அத்தாட்சி வேணும்?" என்று கேட்டார்.

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நோ உச்சத்துக்கு ஏறிய பிறகுதான் நாம் மருந்தைத் தேடுகிறோம். புதிதாக வந்த நாரி நோவோ பெரும்பாலானோருக்குச் சில கிழமைகளில் தானாகவே தணிந்துவிடும். ஆகவே அந்த நாலாம் நாளில் எண்ணெய் பூசினாலும், ஒத்தடம் கொடுத்தாலும், குளிசை விழுங்கினாலும், குணமான பெருமை அதற்கே போய்ச் சேரும்.

எண்ணெய் பூசியவர்களையும் பூசாதவர்களையும் ஒப்பிட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். கடுமையாக நொந்தவர் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார், இலேசாக நொந்தவர் வீட்டில் எண்ணெயோடு இருந்திருப்பார்; தொடக்கத்திலேயே சமமில்லாத இருவரை ஒப்பிட்டு மருந்தின் தரத்தை அறிய முடியாது. எனவேதான், யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை நோயாளியின் விருப்பத்துக்கோ வைத்தியரின் கணிப்புக்கோ விடாமல், திருவுளச்சீட்டுப் போடுவதுபோல எழுமாறாகப் பிரிக்கிறார்கள். அத்துடன், நோவை எக்ஸ்ரேயில் பார்க்க முடியாது, நோயாளி வாயால் சொல்வதே அதற்கு அளவு என்பதால், மருந்தைப் போலவே தோற்றமளித்தாலும் உள்ளே மருந்தில்லாத மருந்துப்போலியை ஒரு குழுவுக்குக் கொடுத்து, யார் எதைப் பெறுகிறார் என்பதை நோயாளி, வைத்தியர் ஆகிய இரு தரப்புக்கும் மறைத்துவிடுகிறார்கள்.

2014இல் வெளியான அவுஸ்திரேலியப் பரிசோதனையொன்றில், புதிதாக நாரி நோ கண்ட 1,600இற்கு மேற்பட்டோர் மூன்று குழுக்களாக இவ்வாறு பிரிக்கப்பட்டனர். ஒழுங்காகப் பரசிற்றமோல் எடுத்தவர்களில் பாதிப்பேர் குணமடைய 17 நாட்கள் சென்றன. தேவைப்பட்டபோது மட்டும் எடுத்தவர்களுக்கும் 17 நாட்கள். மருந்துப்போலி எடுத்தவர்களுக்கு 16 நாட்கள். அந்த மூன்றாவது குழு இல்லாதிருந்தால், பதினேழே நாளில் சுகமாக்கிய குளிசை என்று நானும் புகழ்ந்திருப்பேன். அதற்கு முன்னர், 2002இல், மூட்டுத் தேய்வினால் முழங்கால் நொந்த 180 பேரிடம் இதைவிடத் துணிச்சலான ஒப்பீடு நடந்தது: சிலருக்குத் தோலில் கீறல் மட்டுமே போடப்பட்டது, ஆயினும் மூட்டுக்குள் கருவி செலுத்திச் சுத்தம் செய்யப்பட்டவர்களுக்கு அவர்களைவிட நோ குறையவில்லை.

ஆனால் ஒரு பரிசோதனையின் விடை, அதிலே பங்குகொண்டவர்களை ஒத்தவர்களுக்கே பொருந்தும். உடம்பில் குண்டுச் சிதறலோடும், இழந்த காலில் இன்னமும் எரிவோடும் வாழும் நம் வன்னி மக்களின் நரம்பு நோ வேறு வகையானது. நாரி நோவுக்குக் கிடைத்த விடையை அவர்கள்மீது சுமத்துவது அநீதி. அவர்களுடைய முழுச் சம்மதத்தோடு, விரும்பாதபோது விலகும் உரிமையோடு, அவர்களுக்கென்றே இத்தகைய பரிசோதனைகள் நடக்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

எண்ணெயைக் கைவிடும்படி ஐயாவிடம் நான் சொல்லவில்லை. அவருடைய கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் பூச்சியம் முதல் பத்து வரை ஒரு கோடு கீறிக் கொடுத்து, அடுத்த முறை நாரி பிடித்தால் முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு பின்னேரமும் நோவின் அளவைக் குறித்துவரச் சொன்னேன்.

"எண்ணெய் பூசாத நாளையும் போடவோ?" என்றார்.

"அந்த நாட்களைத்தான் ஐயா, மறக்காமல் போடுங்கோ" என்றேன்.