பதக்கம் இல்லாமல் போன பத்தாயிரம் மீட்டர்

நேயர்களுக்கு வணக்கம்.

1928 பிப்ரவரி 14. சுவிட்சர்லாந்தின் சென் மோரிட்ஸில் இரண்டாவது குளிர்கால ஒலிம்பிக் நடந்துகொண்டிருக்கிறது. அன்று ஸ்பீட் ஸ்கேட்டிங்கில், அதாவது பிளேடு பொருத்திய காலணியோடு ஐஸ்மேல் வேகமாகச் சறுக்கி ஓடும் போட்டியில், பத்தாயிரம் மீட்டர். ஒலிம்பிக் பதிவேட்டில் அந்தப் பந்தயத்துக்கு வெற்றியாளரே கிடையாது.

பந்தய முறையைச் சொன்னால்தான் காரணம் விளங்கும். 400 மீட்டர் தடத்தில் 25 சுற்று. ஒரு தடவைக்கு இரண்டு பேர்தான் ஓடுவார்கள், ஒருவர் உள்தடத்தில், ஒருவர் வெளித்தடத்தில். சுற்றுக்கு ஒருமுறை, எதிர்ப்பக்க நேர்பாதையில் தடம் மாறிக்கொள்வார்கள். அப்போது வெளித்தடத்திலிருந்து உள்ளே வருபவருக்கே முன்னுரிமை. மோதினால் பழி மற்றவர்மேல். ஆனால் பக்கத்தில் ஓடுபவரை முந்துவது வெற்றி ஆகாது. எல்லா ஜோடிகளும் ஓடி முடித்தபிறகு, யாருடைய நேரம் குறைவோ அவருக்கே தங்கம். அதாவது, முதல் ஜோடிக்குக் கிடைத்த ஐஸ்தான் கடைசி ஜோடிக்கும் கிடைக்க வேண்டும்.

அன்று அமெரிக்காவின் இர்விங் ஜாஃபியும் நார்வேயின் பெர்ன்ட் எவென்சனும் ஒரே ஜோடி. ஜாஃபி 18 நிமிடம் 36.5 விநாடி, எவென்சன் 18 நிமிடம் 36.6 விநாடி. சுற்றுக்குச் சராசரி 44.7 விநாடி. அந்த வேகத்தில் 0.1 விநாடி என்பது ஒரு மீட்டருக்கும் குறைவு. பத்து கிலோமீட்டர் ஓடி, இவ்வளவுதான் இடைவெளி!

மற்றவர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபோன் (Föhn) என்ற சூடான மலைக்காற்று வேலையைக் காட்டியது. ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிக் கீழிறங்கும் காற்று, 100 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி வீதம் சூடேறும். அன்று வெப்பம் 25 டிகிரி வரை போனது. குளிரூட்டும் குழாய்கள் இல்லாத இயற்கை ஐஸ் அது, இளகத் தொடங்கியது.

ஐஸ் இளகினால் என்ன ஆகும்? ஸ்கேட்டின் பிளேடு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான். உறுதியான ஐஸில் அது மேலோட்டமாகக் கீறிக்கொண்டு வழுக்கும். இளகிய ஐஸிலோ புதைந்து, உழுதுகொண்டு போகும். பக்கவாட்டில் உதைக்கும்போது விளிம்புக்குப் பிடிமானம் கிடைக்காது, ஐஸ் பெயர்ந்துவிடும். தேங்கிய நீரும் இழுக்கும். ஒரு சுற்றில் ஒரு விநாடி போனாலும் 25 சுற்றில் 25 விநாடி. அன்றே நடந்த 50 கிலோமீட்டர் ஸ்கீ பந்தயத்தில், வென்ற ஹெட்லண்டுக்கே நாலே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. 1924-இல் வென்றவருக்கு நாலு மணி நேரம்கூட ஆகவில்லை.

பந்தயம் ரத்தானது. ஜாஃபிக்குத் தங்கம் தந்திருக்க வேண்டும் என்று வாதாடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பின்னால் ஓட வேண்டியவர்கள் தோற்கவில்லை. அவர்களுக்கு ஐஸே இல்லை. எல்லோரையும் வேறொரு நாள் மறுபடி ஓடவிட்டிருக்கலாம். அது நடக்காததுதான் என் வருத்தம்.

1932-இல் அமெரிக்காவின் லேக் பிளாசிட்டில், எல்லோரும் ஒன்றாகப் புறப்படும் வட அமெரிக்க முறையில் ஓடினார்கள். ஐஸ் எப்படி மாறினாலும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஜாஃபி ஐயாயிரத்திலும் பத்தாயிரத்திலும் தங்கம் வென்றார். பத்தாயிரத்தில் அவர் நேரம் 19 நிமிடம் 13.6 விநாடி, சென் மோரிட்ஸைவிட 37 விநாடி அதிகம். கூட்டமாக ஓடும்போது கடிகாரத்தை யாரும் பார்ப்பதில்லை; கடைசிச் சுற்றுக்கு மூச்சைச் சேமித்து, ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் பதுங்கித்தான் ஓடுவார்கள்.