ஒரே கணக்கு, மூன்று விடை, மூன்றும் சரி!

சைன் எக்ஸையும் காஸ் எக்ஸையும் பெருக்கித் தொகையிடுங்கள். வீடியோவை நிறுத்திவிட்டுப் போட்டுப் பாருங்கள், காத்திருக்கிறேன்.

(திரையில்: மூன்று விடைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக)

சைன் வர்க்கத்தில் பாதி என்று சிலருக்கு வந்திருக்கும். காஸ் வர்க்கத்தில் பாதி, முன்னால் கழித்தல் குறி என்று சிலருக்கு. காஸ் இரண்டு எக்ஸில் கால் பங்கு, அதற்கும் கழித்தல் குறி என்று இன்னும் சிலருக்கு. மூன்றுமே சரி! ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் அரையோ காலோதான் மிஞ்சும். அது வெறும் மாறிலி. வகையிட்டால் காணாமல் போய்விடும்.

இது எனக்கு ஒரு மாலைப்பொழுதையே தின்ற கணக்கு. கணினி இயற்கணிதத்துக்கு, அதாவது எக்ஸ் போன்ற குறியீடுகளை வைத்தே கணினியில் கணக்குப் போட, ஒரு லைப்ரரி எழுதி, அதற்கு ஆவணமும் எழுத உட்காருகிறவர்கள் எல்லோரும் இதில் ஒருமுறையாவது மாட்டுவார்கள்.

இப்படிக் கணக்குப் போடும் மென்பொருள்களின் வரலாறு வேகமாக: 1968-இல் எம்ஐடியில் மாக்சைமா தொடங்கியது, அதன் வழியில் மாக்சிமா வந்தது, 2005-இல் சேஜ், பிறகு பைத்தானில் சிம்பை. அவ்வளவு போதும், கணக்குக்கு வருவோம்.

பைத்தானில் 'டாக்டெஸ்ட்' என்று ஒரு வசதி 2001 முதல் இருக்கிறது. ஃபங்ஷனுக்குள் முதல் வரிகளில் விளக்கம் எழுதும்போது கூடவே ஒரு உதாரணமும், அதன் விடையும் எழுதி வைக்கிறோம். டாக்டெஸ்ட் அந்த உதாரணத்தை ஓட்டி, வந்த விடையை நாம் எழுதிய விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். ஆவணமே சோதனையாகவும் வேலை செய்யும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. ஓட்டிப் பார்க்காத உதாரணத்தை நான் நம்பவே மாட்டேன்.

நானும் அப்படித்தான் 'சைன் வர்க்கத்தில் பாதி' என்று எழுதி வைத்தேன். மென்பொருளின் புதிய பதிப்பைப் போட்டதும் சோதனை சிவப்பாகிவிட்டது, அதாவது தோல்வி. என் நிரலில்தான் பிழை என்று வரி வரியாகத் தேடினேன். கடைசியில் பார்த்தால், வந்திருந்தது காஸ் வடிவம். கணிதம் சரிதான், எழுத்துதான் வேறு.

சரி, எப்படி எழுதியிருக்க வேண்டும்? விடையை அப்படியே காட்டாமல், அதைத் திரும்ப வகையிட்டு, மூலக் கோவையைக் கழித்து, சுருக்கிப் பார்த்தால் 0 வருகிறது என்று உதாரணத்தை எழுதலாம். எந்த வடிவம் வந்தாலும் சோதனை பச்சைதான். படிக்கிறவரும் விடையைத் தானே சரிபார்க்கும் வழியைக் கற்றுக்கொள்கிறார்.

ஆனால் ஒரு கோவை 0-தானா என்று எப்போதும் கண்டுபிடித்துவிட முடியுமா? முடியாது! மாக்சைமா பிறந்த அதே 1968-இல் டேனியல் ரிச்சர்ட்சன் என்ற கணிதவியலாளர் இதை நிறுவினார். சைன், அடுக்குக்குறி, தனிமதிப்பு, பை போன்றவை கலந்த கோவைகளுக்கு, அது 0-தானா என்று எல்லா நேரமும் சொல்லும் வழிமுறை கிடையாது. இதை முதலில் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. அதனால்தான் சுருக்கியும் 0 வராவிட்டால், சில எண்களைப் போட்டுப் பார்த்தேன் என்றும், அவை எந்த எண்கள் என்றும் ஆவணத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். அது நிரூபணம் இல்லை என்பதையும் எழுதுங்கள்.

அப்புறம் இன்னொன்று. எக்ஸ் வர்க்கத்தின் வர்க்கமூலம் எக்ஸா? மாக்சிமா தனிமதிப்பு எக்ஸ் என்கிறது. சிம்பை அதைத் தொடாமல் அப்படியே வைக்கும். எக்ஸ் மிகை என்று நீங்கள் அறிவித்தால் எக்ஸ் என்று தரும். உங்கள் ஃபங்ஷன் எந்த எண்களை எதிர்பார்க்கிறது என்பதை விளக்கத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

பைத்தானில் ஒன்றின்கீழ் மூன்று என்று நேரடியாக எழுதினால் அது தசமமாகிவிடும், சிம்பையின் பின்ன வகையைப் பயன்படுத்துங்கள் என்று ஒரு வரியும் சேருங்கள்.

ஆரம்பத்தில் போட்ட கணக்கில் உங்களுக்கு எந்த வடிவம் வந்தது? எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்பதோடு கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். நான்காவதாக ஒரு வடிவம் வந்தவர் யாராவது இருந்தால், அதை அடுத்த வீடியோவில் வகையிட்டுப் பார்ப்போம்.