ஹோமில் இருக்கும் அப்பாவுக்குச் சாப்பாடும் மாத்திரையும் மட்டும் போதுமா?

(திரையில்: ஒரு கட்டில், பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் டிவி)

பெங்களூரில் ஒரு முதியோர் ஹோமில் இருக்கும் உங்கள் அப்பாவோ பாட்டியோ காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கும்வரை எதையெல்லாம் தொடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கட்டில் கம்பி, பிளாஸ்டிக் நாற்காலி, ஸ்டீல் டம்ளர், ஸ்பூன். மூக்குக்கு ஃபினாயில் வாசனை, காதுக்கு யாரோ போட்டுவிட்டுப் போன டிவி. வீட்டில் இருந்தபோது இதே மனிதர் கறிவேப்பிலை உருவிக் கொடுத்தார், துணி மடித்தார், செடிக்குத் தண்ணீர் ஊற்றினார், வாசலில் நின்று பால்காரரோடு நாலு வார்த்தை பேசினார். ஹோமில் எல்லாம் நேரத்துக்கு நடக்கிறது, ஆனால் கண்ணுக்கும் காதுக்கும் மூக்குக்கும் கைக்கும் வேலையே இல்லாமல் போய்விடுகிறது.

அந்த வேலையைத் திருப்பிக் கொடுப்பதற்குப் பெயர்தான் சென்சரி தெரபி. டிமென்ஷியா, அதாவது நினைவும் யோசிக்கும் திறனும் குறைந்துகொண்டே போகும் மறதி நோய், உள்ளவர் கத்துவதும், சும்மா சுற்றிச் சுற்றி நடப்பதும், சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டே இருப்பதும் பல நேரங்களில் வலியாலோ பசியாலோ தனிமையாலோ, ஒன்றும் செய்ய இல்லாத அலுப்பாலோ வருபவை. அதைச் சொல்ல வார்த்தை வரவில்லை, உடம்பு சொல்கிறது. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது கிட்டத்தட்ட 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது என்று 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பெங்களூரில் ஹோம்கள் பெருகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது சில இடங்களில் கலர் விளக்கும் குமிழி விடும் தண்ணீர்க் குழாயும் மெல்லிய இசையுமாக ஒரு தனி அறையைக் காட்டுவார்கள். ஸ்னூஸெலன் என்ற இந்த முறையை 1970-களில் நெதர்லாந்தில் யான் ஹுல்ஸெக், அட் வெர்ஹுல் என்ற இரண்டு பேர், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்காக உருவாக்கினார்கள். பிறகுதான் டிமென்ஷியாவுக்கு வந்தது. அந்த அறையில் அமைதியாகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் டிமென்ஷியாவுக்கு இது பலன் தருகிறது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றுதான் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கோக்ரேன் அமைப்பின் 2002 ஆய்வுத் தொகுப்பு சொன்னது. அதனால் அந்த அறையைப் பார்த்து ஹோமைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் அம்மாவுக்கு எது பிடிக்கும் என்று அவர்கள் கேட்கிறார்களா, அதைப் பாருங்கள். அவரவர் வாழ்க்கையிலிருந்து எடுத்த பொருளுக்கு இருக்கும் பிடிப்பு எந்தக் கலர் விளக்குக்கும் வராது.

(திரையில்: கே.ஆர். மார்க்கெட், உதிரிப்பூக் குவியல்கள்)

வாசனையை எடுத்துக்கொள்வோம். மற்ற புலன்களின் செய்தி மூளையில் தலாமஸ் என்ற பகுதி வழியாகப் போகிறது. வாசனை மட்டும் உணர்ச்சியையும் நினைவையும் கவனிக்கும் பகுதிகளுக்கு ரொம்பக் குறுக்கு வழியில் போய்ச் சேர்கிறது. அதனால்தான் ஒரு கொத்து மருக்கொழுந்தை முகர்ந்ததும் முகம் மாறுகிறது. ஆனால் டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமரிலும், நடுக்கவாதம் எனும் பார்க்கின்சனிலும் முகரும் திறன் ஆரம்பத்திலேயே குறைவதுண்டு. பூவைக் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் மனசு விட்டுவிடாதீர்கள், கைக்குப் போங்கள். பூ கட்டிப் பழகிய விரலுக்கு நாரும் கனகாம்பரமும் கொடுங்கள், மாலை கோணலாக வந்தால் வரட்டும். எச்ஏஎல், ஐடிஐ என்று பெங்களூரின் அரசுத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து ரிட்டையரான அப்பாவுக்கு ஒரு டப்பாவில் பெரிய நட்டும் போல்ட்டும் போட்டுக் கொடுத்தால், அவர் அதைப் பொருத்தி, கழற்றி, பிரித்து வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அது பொழுதுபோக்கு இல்லை, அவருடைய தொழில். அந்த மரியாதையோடு கொடுங்கள்.

பாட்டு விஷயத்தில் ஹோம்கள் செய்யும் ஒன்று எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. வயதானவர் என்றால் பக்திப் பாட்டுதான் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பொதுவாக மனிதருக்குப் பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் அதிகமாக நினைவில் தங்குகின்றன. இன்றைக்கு எண்பது வயது என்றால் 1955-லிருந்து 1975-க்குள் வந்த பாட்டுகளைத் தேடுங்கள், அது காதல் பாட்டாக இருந்தாலும் சரி, கட்சி மேடைப் பாட்டாக இருந்தாலும் சரி. சிவாஜிநகர் பசிலிக்காவில் செப்டம்பர் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் போனவருக்கு மாதா பாட்டு வேண்டியிருக்கலாம்.

இதற்கெல்லாம் முன்னால் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா, ஹியரிங் எய்டில் பேட்டரி இருக்கிறதா, கண்ணாடி துடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சரியாகக் கேட்காத மனிதருக்கு என்ன பாட்டுப் போட்டு என்ன?

கைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது நல்லது. கேட்டுவிட்டுத் தொடுங்கள், மெதுவாகத் தேயுங்கள், வயதானவர் தோல் சீக்கிரம் கிழியும். கற்பூரத்தைக் கையில் கொடுத்துவிட்டு நகராதீர்கள், வாயில் போட்டுவிட்டால் விஷம். நட்டும் போல்ட்டும்கூட அப்படித்தான், எதையும் வாயில் வைக்கும் பழக்கம் இருந்தால் வேண்டாம். மூச்சுத்திணறல் உள்ளவர் அறையில் சாம்பிராணிப் புகை போடக் கூடாது. முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ கையை இறுக்கிக்கொண்டாலோ அதோடு நிறுத்திவிடுங்கள். சாயங்காலமானால் பதற்றம் கூடுகிறவர்களுக்கு டிவியை அணைப்பதே பாதி வைத்தியம்.

(திரையில்: சாப்பாட்டு அறை, நீள மேஜை)

அப்புறம் மொழி. அல்சூரிலோ ஸ்ரீராம்புரத்திலோ ஐம்பது வருஷம் கன்னடம் பேசி வாழ்ந்தவர்கூட, டிமென்ஷியா முற்றும்போது தாய்மொழியான தமிழுக்கே திரும்பிவிடலாம். பார்த்துக்கொள்ளும் ஆயாவோ ஒடிசாவிலிருந்தோ ஜார்கண்டிலிருந்தோ வந்திருப்பார். "வலிக்குது" என்று பாட்டி சொல்வது அவருக்குப் புரியாது, அவர் ஹிந்தியில் சமாதானம் சொல்வது பாட்டிக்குப் புரியாது, கடைசியில் பாட்டி "அடம் பிடிக்கிறார்" என்று நோட்டில் எழுதப்படும். இதில் ஆயா மேல் தப்பு இல்லை. வலிக்குது, தண்ணி, குளிருது, பாத்ரூம், வேண்டாம் என்று ஒரு இருபது சொற்களை, ஆயாவுக்குப் படிக்க வரும் எழுத்தில், பொருளோடு எழுதிக் கட்டில் பக்கத்தில் ஒட்டுங்கள். அதே தாளில் பாட்டி பார்த்த வேலை, ஊர், பிடித்த பாட்டு, பயம், காபிக்குச் சர்க்கரை எவ்வளவு என்பதையும் சேருங்கள். ஆயாக்கள் அடிக்கடி மாறுவார்கள், அந்தத் தாள் இருக்கும்.

இன்னொரு தமிழர் அங்கே இருந்தால் இருவரையும் ஒரே மேஜையில் உட்காரவைக்கச் சொல்லுங்கள். காசு செலவில்லாத இந்த ஏற்பாட்டை ஏனோ யாரும் கேட்பதே இல்லை. உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் வாடுகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2025-ல் சொன்னது. நாற்பது பேர் இருக்கும் ஹாலில் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பதும் தனிமைதான்.

பார்க்கப் போகும்போது "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்காதீர்கள். பதில் தெரியாத கேள்வி அவமானமாகத்தான் போய்ச் சேரும். "அப்பா, நான் செல்வி, உங்க மூத்த பொண்ணு" என்று நீங்களே சொல்லிவிட்டு, ஏதாவது ஒரு வேலையைச் சேர்ந்து செய்யுங்கள், வேர்க்கடலை உரிப்பதானாலும் போதும். மாதம் ஒரு முறை மூணு மணி நேரம் இருப்பதைவிட வாரம் ஒரு முறை அரை மணி நேரம் நல்லது.

பழக்கம் திடீரென்று மாறினால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், சிறுநீர்த் தொற்றுகூட ஆளை அப்படிக் குழப்பும். பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல, நரம்பியல் மருத்துவமனையில் முதியோர் மனநலப் பிரிவு இருக்கிறது. கவனிப்பில் குறை தெரிந்தாலோ யோசனை கேட்க வேண்டும் என்றாலோ, பெங்களூர் போலீஸும் நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்டும் சேர்ந்து நடத்தும் முதியோர் உதவி எண் 1090, நாடு முழுவதற்குமான எல்டர் லைன் 14567.