18 செக்கன் ஓடினால் போதும்! தேயிலை மலைச் சிறுத்தை சொல்லித்தரும் ஓட்டப் பயிற்சி

[திரையில்: மூடுபனி முழுதாக விலகாத ஒரு மைதானம். சிறுவன் ஒருவன் நான்கு முறை ஓடி நிற்கிறான். மூலையில் எழுத்து: மொத்த ஓட்டம் 18 செக்கன்]

வணக்கம். இப்போது நீங்கள் பார்த்த சிறுவனின் இன்றைய ஓட்டம் முடிந்துவிட்டது. 30 மீற்றர் வீதம் நான்கு முறை, ஆக மொத்தம் 120 மீற்றர். அவனுடைய கால்கள் ஓடிய நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 18 செக்கன்தான் வரும். மைதானத்தில் கழிந்த மீதி ஒரு மணி நேரத்தில் அவன் உடலைச் சூடாக்கினான், துள்ளினான், நடந்தான், புல்லில் உட்கார்ந்து கதையும் பேசினான். "இது பயிற்சியா, சுற்றுலாவா?" என்று கேட்கத் தோன்றுகிறவர்கள் தயவுசெய்து காணொளியை மூடிவிட வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன்பு நானும் உங்கள் கட்சியில்தான் இருந்தேன்.

இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கும்போது நம் பாடசாலைகளில் நடப்பது உங்களுக்குத் தெரியும். 100 மீற்றர் ஓடப்போகும் பிள்ளையும் 1500 மீற்றர் ஓடப்போகும் பிள்ளையும் ஒரே வரிசையில் நின்று மைதானத்தைப் பத்துச் சுற்று சுற்றுவார்கள். நான் அதற்கும் மேலே ஒரு படி போய், குறுந்தூர ஓட்டக்காரர்களுக்குத் திங்கட்கிழமைகளில் 200 மீற்றரைப் பத்து முறை கொடுத்து, செவ்வாய்க்கிழமை அவர்கள் நொண்டிக்கொண்டு வகுப்புக்கு வருவதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். வலய மட்டப் போட்டியில் என் பிள்ளைகள் ஒருவர்கூட மூச்சு வாங்கவில்லை. ஆனால் ஒருவர்கூட முதலிடத்துக்கும் வரவில்லை.

[திரையில்: தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு பாறை]

மலையகத்தில் சிறுத்தையைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. லயத்து நாய் காணாமற்போன காலைகளில் அதைப் பற்றித்தான் பேச்சு. பகலின் பெரும்பகுதியை மறைவிடத்தில் படுத்தே கழிக்கும் அந்த விலங்கு, பதுங்கி, நெருங்கி, சில செக்கன்களுக்குள் பாய்ந்து முடித்துவிடும். இரை தப்பிவிட்டால் அதைத் துரத்திக்கொண்டு தோட்டத்தைச் சுற்றிவராது, திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளும். இரைக்காகப் பத்துச் சுற்று ஓடிப் பழகிய சிறுத்தையை யாராவது கண்டிருந்தால் கீழே கருத்துப் பெட்டியில் எழுதுங்கள், வனவிலங்குத் திணைக்களத்துக்கு நானே அறிவிக்கிறேன். அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் இரசாயனவியல் ஆசிரியராகவும் ஓட்டப் பயிற்றுநராகவும் இருந்த டோனி ஹோலர் தம் குறுந்தூர ஓட்டக்காரர்களைப் பூனைகள் என்று அழைப்பதும் இந்தக் காரணத்தால்தான். குறைவாக ஓடு, ஓடும்போது முழு வேகத்தில் ஓடு, ஒவ்வொரு நேரத்தையும் அளந்து எல்லோரும் பார்க்கும்படி எழுதிவை என்பதே அவர் பரப்பிய முறையின் சாரம்.

இதற்குப் பின்னாலுள்ள உடலியலை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். முழு வேகத்தில் ஓடும்போது, தசைக்குள் ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருக்கும் ஏடிபி, பொஸ்போகிரியேட்டின் என்னும் உடனடி ஆற்றல் தரும் இரு சேர்மங்கள் முதலில் செலவாகின்றன. அந்தச் சேமிப்பு பத்துச் செக்கனுக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும், பழையபடி நிரம்புவதற்கோ 3 முதல் 5 நிமிடங்கள் வேண்டும். உச்ச வேகத்தில் பாதம் தரையில் இருப்பது செக்கனின் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான், களைத்த காலோ தரையை விட்டு எழத் தாமதிக்கும். நரம்பு மண்டலம் எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ அதையே கற்றுக்கொள்வதால், களைப்போடு ஓடும் ஒன்பதாவது 200 மீற்றரில் பிள்ளை கற்பது மெதுவாக ஓடும் கலையைத்தான்.

இனி இந்தக் காணொளியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கொழுந்து பறிப்பவர்களின் வீட்டுப் பிள்ளைகள் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

[திரையில்: கொழுந்து நிறுக்கும் தராசு]

கொழுந்து மடுவத்தில் தராசு காட்டுவது கிலோவை மட்டுமே. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளினாலும், முற்றிய இலையைச் சேர்த்து வாரிப் போட்டாலும் தராசின் முள் ஒரே மாதிரித்தான் அசையும். ஆனால் தொழிற்சாலையில் தேயிலை அரைபட்டு, காய்ந்து, கோப்பைக்கு வந்தபின் சுவை பார்ப்பவரின் நாக்கை முற்றிய இலையால் ஏமாற்ற முடியாது. நான் எண்ணி மகிழ்ந்த அந்தப் பத்து 200 மீற்றர்களும் அப்படிப்பட்ட கிலோக்கள்தாம். கூடை நிறைந்திருந்தது, கொழுந்து இருக்கவில்லை. முதல் இரண்டு ஓட்டங்கள் இளந்தளிர், மிச்சம் எட்டும் முற்றிய இலை.

ஒப்புமை இத்தோடு நிற்கவில்லை. இன்று கொழுந்து எடுத்த மலைக்கு நாளையே திரும்பிப் போனால் அங்கே கிள்ளுவதற்கு என்ன இருக்கும்? வெயிலையும் மழையையும் பொறுத்து ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து, புதுத்தளிர் விட்ட பிறகே அடுத்த சுற்று வரும். செடி சும்மா நிற்பதாகத் தோன்றும் அந்த நாட்களில்தான் உண்மையான வேலை நடக்கிறது என்பதை எந்தக் கங்காணியும் மறுக்கமாட்டார். அப்படியிருக்க, பிள்ளையின் தொடைத் தசைக்கு மட்டும் நாம் ஏன் சுற்று விடுவதில்லை? முழு வேக ஓட்டத்துக்கு வாரத்தில் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள் போதும், அவையும் அடுத்தடுத்த நாட்களாக வரக்கூடாது. இடையிலுள்ள நாட்களில் துள்ளல், பந்து எறிதல், அஞ்சல் ஓட்டத்துக்கான கோல் மாற்றம் போன்றவற்றைச் செய்யலாம், ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முழு மலையையும் கவ்வாத்து வெட்டி மொட்டையாக விடும்போது, விவரம் அறியாதவர் தோட்டமே அழிந்துவிட்டதாக எண்ணக்கூடும். போட்டிக்காலம் முடிந்ததும் பிள்ளைகளை இரண்டு வாரம் மைதானத்தின் பக்கமே வரவேண்டாம் என்று நான் அனுப்பியபோது சக ஆசிரியர்களும் என்னை அப்படித்தான் பார்த்தார்கள்.

இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். மேற்பிரிவு லயத்திலிருந்து பாடசாலைக்கு இறங்கி, மாலையில் அதே ஏற்றத்தில் திரும்பும் பிள்ளை, நாம் ஒரு சுற்றும் கொடுக்காமலேயே தினமும் போதுமான தூரத்தை நடந்துவிடுகிறாள். அந்தக் கால்களுக்கு மேலும் தூரம் கொடுப்பது நனைந்த மண்ணில் தண்ணீர் ஊற்றுவது போன்றது.

சரி, நேரத்தை அளப்பது எப்படி? இந்த முறையின் உயிர் அதில்தான் இருக்கிறது, ஆனால் பிள்ளை கடக்கும்போது நேரத்தைத் தானாகவே பதியும் மின்னணுக் கதவுகள் வாங்க நம்மிடம் பணமில்லை. நிறுத்தற் கடிகாரத்தைக் கையால் அழுத்தி 10 மீற்றரை அளந்தால், விரல் செய்யும் பிழையே பிள்ளையின் ஒரு மாத முன்னேற்றத்தை விழுங்கிவிடும். அதனால் கைத்தொலைபேசியில் செக்கனுக்கு 240 சட்டகங்கள், அதாவது 240 தனித்தனிப் படங்கள், பதிவாகும் மெதுவியக்கக் காணொளியைப் பயன்படுத்துகிறேன். 20 மீற்றர் ஓடி வேகம் பிடித்த பிறகு வரும் 10 மீற்றரின் இரு முனைகளிலும், ஓடும் கோட்டை ஒட்டியே ஒவ்வொரு கம்பு நட வேண்டும். கோட்டிலிருந்து தள்ளி நட்டால் பார்வைக் கோணம் நேரத்தைப் பிழைக்கச் செய்யும். பிள்ளையின் நெஞ்சு முதற்கம்பைக் கடக்கும் சட்டகத்திலிருந்து இரண்டாவது கம்பைக் கடக்கும் சட்டகம் வரை எண்ணி 240 ஆல் வகுத்தால் நேரம் கிடைத்துவிடும். 264 சட்டகங்கள் என்றால் 1.10 செக்கன், அதாவது மணிக்கு ஏறத்தாழ 33 கிலோமீற்றர் வேகம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பின் குறைந்தது 3 நிமிட ஓய்வு உண்டு. அன்றைய சிறந்த எண் 264 ஆக இருந்து, அடுத்த ஓட்டத்தில் அது 272 ஐத் தாண்டினால், பிள்ளை எவ்வளவு கெஞ்சினாலும் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது. இப்படிக் கெஞ்சும் பிள்ளைகளை பத்துச் சுற்றுக் காலத்தில் நான் கண்டதே இல்லை.

400 மீற்றர்காரர்களுக்கு இது சரிவருமா என்று கட்டாயம் கேட்பீர்கள். 200 மீற்றரில் 26 செக்கனே சிறந்த நேரமாக உள்ள ஒருவன், மூச்சு எவ்வளவு நீளமாக இருந்தாலும், 400 மீற்றரை 52 செக்கனுக்குள் முடிக்க முடியாது. முதல் 200 மீற்றரை 27 செக்கனில் ஓடச் சொன்னால் அவனுக்கு அது உயிர்போகும் வேலை, 24 செக்கன்காரனுக்கோ மிதமான ஓட்டம். எதிர்த்தரப்பு நியாயத்தையும் மறைக்கக்கூடாது. 1999 இல் செவில்லில் 400 மீற்றரை 43.18 செக்கனில் ஓடிய மைக்கல் ஜோன்சனைப் பயிற்றுவித்த க்ளைட் ஹார்ட், நீண்ட ஓட்டங்களைக் குறைந்த ஓய்வோடு கொடுப்பதில் பெயர்பெற்றவர். ஆனால் அவர் கையில் வந்தவர்கள் பல்கலைக்கழக வயதை எட்டி, வேகத்தை ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்தவர்கள். 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஓடும் பிள்ளைக்கு அந்தச் சேமிப்பு இன்னும் இல்லை என்பதே என் வாதம்.

[திரையில்: நுவரெலியா, 1868 மீற்றர்]

மலையகத்துக்கு இயற்கை கொடுத்த ஒரு சலுகையும் இருக்கிறது. உயரமான இடம் நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கே உரியது என்று நம்புகிறோம். நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு, ஆகவே வேகமாக ஓடுபவரைத் தடுக்கும் காற்றும் மெலிந்ததே. 1968 இல் 2240 மீற்றர் உயரத்திலுள்ள மெக்சிகோ நகரில் ஜிம் ஹைன்ஸ் 100 மீற்றரை 9.95 செக்கனில் ஓடினார். நம் நாட்டு யுபுன் அபேகோன் 2022 ஜூலை 3 அன்று 9.96 செக்கனில் ஓடி, 10 செக்கன் எல்லையைக் கடந்த முதல் தெற்காசியரானதும் ஏறத்தாழ 1000 மீற்றர் உயரத்திலுள்ள சுவிற்சர்லாந்து நகரொன்றில்தான். இங்கே நம் எதிரி குளிர். விடியற்காலைக் குளிரில் சூடேறாத தொடையின் பின்தசை முழு வேகத்தில் எளிதில் கிழிந்துவிடும் என்பதால், உடலைச் சூடாக்க 25 நிமிடங்கள் ஒதுக்குங்கள், அதுவரை குளிர்ச்சட்டையைக் கழற்றவிடாதீர்கள். உங்கள் பாடசாலையில் 10 மீற்றர் எத்தனை சட்டகம் என்று அளந்து கருத்துப் பெட்டியில் போடுங்கள், அடுத்த காணொளியில் பட்டியலிட்டுக் காட்டுகிறேன்.

பெற்றோரைச் சம்மதிக்க வைப்பதுதான் கடைசிச் சிக்கல். சென்ற மாதம் ஒரு மாணவியின் தந்தை வேலை முடிந்து வரும் வழியில் மைதானத்து வேலியோரம் நின்று, "சேர், புள்ள வேர்க்காமலே வீட்டுக்கு வருதே, ஒழுங்கா ஓடுதா?" என்று கேட்டார். நான் குறிப்பேட்டை எடுத்து, தவணைத் தொடக்கத்தில் 288 ஆக இருந்த அவளுடைய எண் இப்போது 274 ஆகக் குறைந்திருப்பதைக் காட்டினேன். அவர் சற்று நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துவிட்டு, உசைன் போல்ட்டுக்கு எவ்வளவு வரும் என்று கேட்டார். 2009 இல் பெர்லினில் 9.58 செக்கனில் ஓடிய அன்று 60 மீற்றருக்கும் 80 மீற்றருக்கும் இடையிலான 20 மீற்றரை அவர் 1.61 செக்கனில் கடந்தார். அதை நம் கணக்குக்குக் கொண்டுவந்தால் 10 மீற்றருக்கு ஏறத்தாழ 193 சட்டகங்கள் வருகின்றன என்று போட்டுக் காட்டினேன்.

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்ப இன்னும் 81 தானே சேர்," என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு மலையேறினார்.