பாதி உலகம் வாழும் வட்டம்

நேயர்களுக்கு வணக்கம். பள்ளியில் பூகோளம் நடத்தியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் வரைபடங்கள் மேல் உள்ள ஆசை போகவில்லை. இன்று வரைபடத்தில் ஆரம்பித்து அடுப்படியில் முடிக்கலாம் என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது, சொல்கிறேன்.

வகுப்பறைச் சுவரில் தொங்கிய உலகப் படம் உங்களுக்கு நினைவிருக்கும். அதன் மேல் மூலையில் ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தெரியும் ஒரு வெள்ளைத் தீவு, கிரீன்லாந்து. உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல 14 மடங்கு பெரியது. நம் இந்தியாவே கிரீன்லாந்தைவிட ஒன்றரை மடங்கு பெரியது. படம் போட்டவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. மெர்கேட்டர் 1569-இல் அதைக் கப்பலோட்டிகளுக்காக வரைந்தார். திசைகாட்டி காட்டும் திசையை ஒரே நேர்கோடாகப் போட்டுக்கொண்டு போக அவர்களுக்கு ஒரு படம் தேவைப்பட்டது. உருண்டையைத் தட்டையாக்கும்போது திசையைக் காப்பாற்றினால் பரப்பளவு கெட்டுப்போகும். துருவத்தை நெருங்க நெருங்க எல்லாம் ஊதிப் பெருத்துவிடும்.

இது பலருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் பரப்பளவைச் சரியாகக் காட்டும் படத்தை மாட்டினாலும் ஒன்று விடுபட்டுப் போகிறது. படம் மண்ணைக் காட்டுகிறது, மனிதர்களைக் காட்டுவதில்லை. அந்தப் பெரிய கிரீன்லாந்தில் இருப்பவர்கள் 60,000 பேர்கூட இல்லை. நம் ஊர்ப் பக்கம் ஒரு நகராட்சி அளவுதான்.

சரி, இன்னொரு தீவைப் பாருங்கள், ஜாவா. இந்தோனேசியாவில் ஜகார்த்தா நகரம் இருக்கும் தீவு. அதன் பரப்பு ஏறக்குறைய 1,30,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பும் ஏறக்குறைய அதே 1,30,000தான். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி 7 கோடியே 21 லட்சம் பேர். ஜாவாவில் 2020 கணக்கெடுப்பின்படி 15 கோடிக்கு மேல். நம் மாநிலத்துக்குள் இன்னொரு தமிழ்நாட்டைக் குடி வைத்தால் எப்படி இருக்கும், அப்படி! ரஷ்யா முழுவதையும் சேர்த்து எண்ணினால்கூட ஜாவாவைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். சுவரில் ரஷ்யா எவ்வளவு பெரிதாக விரிந்து கிடக்கிறது, ஜாவா எவ்வளவு சின்னக் கோடாகத் தெரிகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். 2013-இல் அமெரிக்காவில், டெக்சாஸைச் சேர்ந்த கென் மையர்ஸ் என்ற ஆசிரியர், உலகப் படத்தில் ஆசியாவின் மேல் ஒரு வட்டம் போட்டு இணையத்தில் வெளியிட்டார். சீனா, இந்தியா, வங்கதேசம், இந்தோனேசியா, ஜப்பான் எல்லாம் அதற்குள் அடக்கம். ‘இந்த வட்டத்துக்கு வெளியே வாழ்பவர்களைவிட உள்ளே வாழ்பவர்கள் அதிகம்’ என்பதுதான் செய்தி. படம் உலகம் முழுக்கச் சுற்றியது.

ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. தட்டையான படத்தில் போட்ட வட்டம், உருண்டைப் பூமியில் வட்டமாக இருக்காது, கோணல்மாணலாகிவிடும். மெர்கேட்டர் பற்றிச் சொன்ன அதே தொல்லைதான்! டேனி குவா என்ற பொருளாதாரப் பேராசிரியர் இதை விடவில்லை. உருண்டையின் மேலேயே கணக்குப் போட்டு, பாதி மக்கள்தொகையை அடக்கும் மிகச் சிறிய வட்டம் எது என்று 2015-இல் தேடினார். கிடைத்தது என்ன தெரியுமா? மியான்மரில் மோங் கெட் என்ற சிற்றூரை மையமாக வைத்து 3,300 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம். பூமியின் மொத்தப் பரப்பில் இது சுமார் 15-இல் ஒரு பங்குதான். அதிலும் வங்காள விரிகுடாவும் தென்சீனக் கடலும் இமயமலையும் போக மிச்சம் உள்ள நிலத்தில்தான் உலகத்தில் பாதிப்பேர்! சென்னை உள்ளே, கன்னியாகுமரி உள்ளே, யாழ்ப்பாணம் உள்ளே, கொழும்பு உள்ளே. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் அநேகம் பேர் இந்த நிமிடம் அந்த வட்டத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஏன் இங்கே இவ்வளவு பேர்? பருவமழை ஒரு காரணம். இமயத்திலிருந்தும் திபெத்திலிருந்தும் இறங்கும் கங்கை, பிரம்மபுத்திரா, மீகாங், யாங்சி போன்ற ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் வண்டல் இன்னொரு காரணம். ஜாவாவில் எரிமலைச் சாம்பல் மண்ணை வளப்படுத்துகிறது. இதெல்லாம் சேர்ந்து கொடுத்தது நெல்லை. வெயிலும் தண்ணீரும் இருந்தால் ஒரே வயலில் வருடத்துக்கு இரண்டு போகம், மூன்று போகம் எடுக்கலாம். ஒரு ஏக்கர் வயல் நிறைய வயிறுகளைத் தாங்கும். உலகத்தில் விளையும் நெல்லில் ஏறக்குறைய 90 சதவீதம் ஆசியாவில்தான் விளைகிறது. இந்த வட்டத்தைச் சோற்றுப்பானை வட்டம் என்றே நான் சொல்வேன்.

இங்கேதான் அடுப்படி வருகிறது. இத்தனை கோடிப் பானைகளில் தினமும் உலை கொதிக்கிறது. ஒரு பானைக்கு ஆகும் எரிபொருளில் கொஞ்சம் குறைத்தாலும், கோடிகளால் பெருக்கினால் அது எவ்வளவு!

ஒரே ஒரு கணக்கை மட்டும் கவனியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை நம் ஊர் வெப்பநிலையான 30 டிகிரியிலிருந்து கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவர 70 கிலோ கலோரி வெப்பம் போதும். அதே தண்ணீரை முழுக்க ஆவியாக்க மேலும் 540 கிலோ கலோரி வேண்டும். ஏழு மடங்குக்கு மேல். கொதி வந்த பிறகு தீயைப் பெரிதாக வைத்தாலும் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கூடுதல் கேஸ் எல்லாம் நீராவியாகி ஜன்னல் வழியே போகிறது. அரிசி வேகச் சூடு வேண்டும், தொடர்ந்து தீ வேண்டும் என்பதில்லை. இதைத் திரும்பவும் சொல்கிறேன்: சூடு வேண்டும், தொடர்ந்து தீ வேண்டாம்.

அதனால்தான் கொதித்த பாத்திரத்தை மூடி, சூடு வெளியே போகாத பெட்டிக்குள் வைத்துவிட்டால் சோறு தானாக வெந்துவிடுகிறது. நம்மில் பலர் வீட்டில் இருக்கும் தெர்மல் குக்கர் செய்வது இதைத்தான். இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் எரிபொருள் தட்டுப்பாடு வந்ததும் வைக்கோல் அடைத்த பெட்டியில் சமைத்தார்கள். கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் இதையே ‘சூடாறாப்பெட்டி’ என்று வீடு வீடாகக் கொண்டுபோனது. விலை குறைவு, மின்சாரம் வேண்டாம், அடிபிடிக்காது. ஒரே ஒரு எச்சரிக்கை: ராஜ்மா மாதிரிப் பயறுகளை ஊறவைத்து, குறைந்தது 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகுதான் பெட்டிக்குள் வைக்க வேண்டும். அப்படிக் கொதிக்காவிட்டால் வயிற்றுக்கு ஆகாது.

நேரம் முடியப்போவதாகச் சைகை காட்டுகிறார்கள். கடைசியாகச் சொல்ல வைத்திருந்ததை அவசரமாகத்தான் சொல்ல முடிகிறது. அதே பரிஷத், 1990-களின் தொடக்கத்தில் கண்ணூர் மாவட்டத்தின் கல்யாசேரி ஊராட்சியில் ஊர்க்காரர்களையே வைத்து வரைபடம் தயாரித்தது. சர்வே எண் போட்ட நிலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வயல் வயலாக நடந்து, எங்கே என்ன பயிர், தண்ணீர் எப்படி, மண் எப்படி என்று குறித்தார்கள். அதை வைத்து ஊருக்கான திட்டமும் போட்டார்கள். இதைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் பேசலாம், அவ்வளவு இருக்கிறது. வாய்ப்புத் தந்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.