வியாதியை எழுதாதீங்க, வேலையை எழுதுங்க: நம்ம பக்கத்து பிசியோதெரபி கிளினிக்குக்கு

வணக்கம் மக்களே. பாளையங்கோட்டையிலிருந்துதான் பேசுகிறேன். பின்னால் தெரிவது கிளினிக்கின் டிராக்‌ஷன் கட்டில், மத்தியானம் ஆள் வராத நேரம் என்பதால் இங்கேயே போனை நிறுத்தி வைத்துவிட்டேன். ரோட்டை ஒட்டின கட்டடம், பஸ் ஹாரன் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். பி.பி.டி. என்கிற பிசியோதெரபி பட்டப்படிப்பை முடித்துவிட்டு அம்பாசமுத்திரத்திலோ வள்ளியூரிலோ சின்னதாக ஒரு இடம் பிடித்து கிளினிக் போட்டிருக்கும் தம்பி தங்கச்சிகள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணே, போர்டு வச்சாச்சு, நோட்டீஸ் அடிச்சு பேப்பருக்குள்ள வச்சும் கொடுத்தாச்சு, ஆள் வரமாட்டேங்குது. பிளாக் ஒண்ணு ஆரம்பிச்சு எழுதுனா வருமா?"

வரும். ஆனால் இப்போது எல்லோரும் எழுதுகிற மாதிரி எழுதினால் வராது. "முதுகுவலி என்றால் என்ன, காரணங்கள், அறிகுறிகள், சிகிச்சை முறைகள், மேலும் விவரங்களுக்கு எங்களை அணுகவும்." இதைச் சென்னையிலும் மதுரையிலும் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிகள் ஆள் வைத்து எழுதி எப்போதோ போட்டாயிற்று. கூகுளில் அவர்களைத் தாண்டி நீங்கள் மேலே வருவது நடக்கிற காரியமா? அதோடு குறுக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு முதுகுவலி என்றால் என்ன என்று நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன.

வியாதியை விட்டுவிட்டு வேலையை எழுதுங்கள். நம் பக்கத்து ஜனங்கள் உட்கார்ந்தும் குனிந்தும் நின்றும் ஏறியும் என்னென்ன வேலை பார்க்கிறார்கள், அது உடம்பில் எந்த இடத்தைப் பிடிக்கிறது, அந்த வேலையை விடாமலே என்ன செய்துகொள்ளலாம், இதைத்தான் எழுத வேண்டும். இதைச் சென்னை ஆஸ்பத்திரி எழுதாது, எழுதவும் தெரியாது.

பீடியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலப்பாளையத்திலும் முக்கூடல் பக்கமும் வீட்டுக்கு வீடு பெண்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். இலையை வெட்டி, தூளைப் போட்டுச் சுருட்டி, நூலைக் கட்டி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்று கணக்கு, அதனால் இடையில் எழுந்திருக்க மனசே வராது. தலை குனிந்தது குனிந்தபடி இருக்கும், பெருவிரலுக்கு ஓய்வே கிடையாது. கழுத்திலிருந்து தோள் வரை கடுக்கிறது, பெருவிரல் பக்கத்து மணிக்கட்டில் சுருக்கென்று இழுக்கிறது என்று வருவார்கள். பெருவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் மூடிக்கொண்டு மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், அந்த இடத்தில் சுரீர் என்றால் அது டி குவெர்வெய்னாக, அதாவது பெருவிரல் தசைநார் உறை வீங்கிப்போனதாக, இருக்கலாம், நாம் காலேஜில் படித்ததுதான். ஆனால் எழுதும்போது அந்தப் பெயரில் ஆரம்பிக்காதீர்கள். தட்டை மடியிலிருந்து எடுத்து ஒரு சின்னப் பலகை மேல் உயர்த்தி வைத்தால் கழுத்து எவ்வளவு நிமிரும், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் என்ன ஆகும், ஒரு கட்டு முடிந்ததும் தோளைப் பின்பக்கமாக நாலு சுற்று சுற்றிவிட்டு அடுத்த கட்டை எடுக்கலாம், இப்படி எழுதுங்கள். "வலி தரும் வேலைகளைத் தவிர்க்கவும்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தவிர்த்தால் கூலியை நாமா கொடுக்கப்போகிறோம்? அந்த வரியைப் பார்த்ததும் மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

இன்னொன்று, இதைப் படிக்கப்போவது பீடி சுற்றுகிற அம்மா இல்லை. காலேஜ் போகிற மகள் போனில் படித்துவிட்டு "எம்மா, இங்க போட்டிருக்கதப் பாரேன்" என்பாள். இல்லையென்றால் துபாயிலோ சென்னையிலோ இருக்கிற மகன், வேலை முடிந்து ரூமுக்கு வந்து, ஊரில் அம்மாவை யாரிடம் காட்டலாம் என்று ராத்திரி தேடிக்கொண்டிருப்பான். ஃபீஸை அனுப்புவதும் அவன்தான். அந்த இரண்டு பேரையும் மனதில் வைத்து எழுதினால் தொனி தானாக வந்துவிடும்.

அப்புறம் மற்ற வேலைகள். பத்தமடையில் தரையில் உட்கார்ந்து பாய் நெய்கிறார்கள், திசையன்விளை பக்கம் பனை ஏறுகிறார்கள், டவுனிலும் வண்ணார்பேட்டையிலும் ஜவுளிக்கடைகளில் பிள்ளைகள் காலை முதல் ராத்திரி வரை நிற்கிறார்கள். காலையில் படுக்கையை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் குத்துகிறது, நாலு அடி நடந்தால் கொஞ்சம் தேவலை என்று அந்தக் கடைப் பிள்ளைகள் சொல்வது நாம் எல்லோரும் கேட்பதுதான். கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இலேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது, குதிகால் வலியைப் பற்றி எழுதும்போது அதையும் ஒரு வரி சேருங்கள். பயிற்சி சொல்வது மட்டும் நம் வேலை இல்லை.

எப்போது எழுதுவது என்பதற்கு ஊர்க் காலண்டரே போதும். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம் நெல். பிசான நடவு ஐப்பசி, கார்த்திகையில் நடக்கும் என்றால் குனிந்து நடுகிறவர்களின் குறுக்கு வலியைப் பற்றிப் புரட்டாசி கடைசியிலேயே எழுதிப் போட்டுவிட வேண்டும், நடவு முடிந்து தை பிறந்த பிறகு எழுதி என்ன பிரயோஜனம். அதே மாதிரி தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் பாதயாத்திரை. திருநெல்வேலியிலிருந்தே கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர், தென்காசிப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு இன்னும் கூட. மார்கழியிலேயே தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து பழகச் சொல்லி எழுதலாம். முக்கியமாக, சர்க்கரை இருந்து பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு நடந்தால் கொப்புளம் உடைந்து புண் ஆனது கூடத் தெரியாது, தெரியும்போது விரலுக்கே ஆபத்தாக இருக்கும். பக்தியைக் குறை சொல்லாமல் இதை எழுத முடியும். எழுதிப் பாருங்கள், வாட்ஸ்அப்பில் குரூப் குரூப்பாகப் போகும்.

"எல்லாத்தையும் எழுதிட்டா வீட்டிலேயே செஞ்சுக்குவாங்களே, நம்மகிட்ட எதுக்கு வருவாங்க?" இந்தப் பயம் எல்லோருக்கும் உண்டு. சமையல் வீடியோ வந்துவிட்டது என்று யாரும் ஹோட்டலை மூடிவிடவில்லை. வீட்டிலேயே செய்து சரியாகிறவர் செய்துகொள்ளட்டும், அவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் உங்கள் பெயரைச் சொல்வார். தோள்பட்டை இறுகிப்போய்க் கையைப் பின்னால் கொண்டுபோக முடியாதவர், அதுவும் நாற்பதைத் தாண்டின சர்க்கரைக்காரர் என்றால், படித்தது மட்டும் போதாது, எந்தக் கட்டத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அது முழுசாகச் சரியாக வருஷக்கணக்கில் கூட ஆகலாம் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். "பத்தே நாளில் குணம்" என்று போர்டு வைத்தவரிடம் போய் ஏமாந்து வருகிறவர் உங்களை நம்புவதற்கு அந்த ஒரு வரி போதும்.

இதைவிட நம்பிக்கை தருகிற எழுத்து ஒன்று இருக்கிறது, என்னைக் கேட்டால் முதலில் எழுத வேண்டியதே அதுதான். எப்போது உங்களிடம் வரக்கூடாது என்று எழுதுங்கள். திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணி, ஒரு கை தூக்க முடியாமல், பேச்சு குழறினால், "பிசியோகிட்ட கூட்டிட்டுப் போய் கரண்ட் வைப்போம்" என்று ஆட்டோ பிடித்து வருகிற குடும்பம் இன்றைக்கும் உண்டு. அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108ஐக் கூப்பிட்டு ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி மாதிரி ஸ்கேன் வசதி உள்ள இடத்துக்குப் போக வேண்டும், ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியைப் பொதுவாக அறிகுறி ஆரம்பித்த 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். நம் வேலை அதற்குப் பிறகு. குறுக்கு வலியோடு ஒன்றுக்குப் போவது அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ அதுவும் அவசர ஆஸ்பத்திரி கேஸ்தான். அடுத்தது முழங்கை. பையன் விழுந்து முழங்கையில் எலும்பு முறிந்து, மாவுக்கட்டு பிரித்த பிறகு மடக்க வரவில்லை என்று எண்ணெய் போட்டு அழுத்தி நீவி, வலுக்கட்டாயமாக மடக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து, மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ் ஆகி, இருக்கிற அசைவும் போய்விடலாம். இதை எழுதும்போது நாட்டு வைத்தியரைத் திட்டாதீர்கள், படிக்கிறவரின் தாத்தாவே சுளுக்கு வழிக்கிறவராக இருப்பார். எந்த முழங்கையை நீவக்கூடாது என்று சொன்னால் போதும்.

சட்டம் கிட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிசியோதெரபிஸ்ட் பேருக்கு முன்னால் டாக்டர் போடுவதா வேண்டாமா என்ற சண்டை தெரியும், 2025 செப்டம்பரில் டெல்லியில் இருக்கிற மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகத்திலிருந்து போடக்கூடாது என்று ஒரு கடிதம் வந்து அடுத்த நாளே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நீங்கள் பேசாமல் பெயருக்குப் பின்னால் பி.பி.டி., எம்.பி.டி. என்று படிப்பையும், பிசியோதெரபிஸ்ட் என்ற வார்த்தையையும் தெளிவாகப் போடுங்கள், யாரும் குழம்பமாட்டார்கள். எண்ணெய், தைலம் எதையாவது சேர்த்து விற்று "பக்கவாதம் குணமாகும்" என்று எழுதினால் 1954ஆம் வருஷத்து மருந்து விளம்பரச் சட்டத்தில் மாட்டுவீர்கள், குணப்படுத்துவோம் என்று விளம்பரம் செய்யக்கூடாத நோய்கள் என்று அதில் இருக்கிற பட்டியலில் பக்கவாதமும் இருக்கிறது. நோயாளி நடக்கிற வீடியோ, முகம் தெரிகிற போட்டோ எல்லாம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் போடாதீர்கள். கல்யாணம் ஆகாத பெண் பிள்ளை என்றால் சம்மதம் கொடுத்தாலும் போடாதீர்கள், நம் ஊரைப் பற்றி உங்களுக்கே தெரியும்.

டெக்னிக்கலாக ரொம்ப மெனக்கெட வேண்டாம். கூகுள் மேப்பில் கிளினிக் வருவதற்கான பிசினஸ் புரொஃபைல் இலவசம், எழுத ஆரம்பிப்பதற்கு முன்னால் அதை முடித்துவிடுங்கள். தட்டச்சு வராது என்றால் போனில் தமிழில் பேசினாலே எழுதிக்கொள்கிறது, அப்புறம் உட்கார்ந்து பிழை திருத்துங்கள். கூகுளில் சர்ச் கன்சோல் என்று ஒன்று இருக்கிறது, அதுவும் இலவசம்தான், எந்த வார்த்தையைத் தேடி உங்கள் பக்கத்துக்கு வந்தார்கள் என்று காட்டும். இதோ என் போனில் காட்டுகிறேன், ஃபோகஸ் ஆகிறதா தெரியவில்லை... பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடித்திருக்கிறார்கள், மூட்டுக்கு ஆளுக்கொரு ஸ்பெல்லிங். அதில் வருகிற கேள்வியைப் பார்த்து அடுத்ததை எழுதுங்கள். ஒரு மாதத்தில் கூட்டம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஆறு மாதம் கழித்துத்தான் "நெட்ல படிச்சேன்" என்று ஒரு ஆள் வருவார்.

கடைசியாக, நிறையப் பேர் விட்டுவிடுகிற ஒரு பக்கம். முதல் நாள் வந்தால் என்ன நடக்கும் என்று ஒன்று எழுதி மேலேயே வையுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்கிற தமிழ்நாடு அரசுத் திட்டம் 2021இல் வந்த பிறகு வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வந்து பார்ப்பதைக் கிராமத்து ஜனங்களும் பார்த்துவிட்டார்கள், ஆனாலும் கிளினிக் என்றால் கரண்ட் வைப்பார்கள், லைட் வைப்பார்கள் என்கிற அளவில்தான் பல பேருக்குத் தெரியும். எவ்வளவு நேரம் ஆகும், முட்டிவலிக்காரர் லூசான உடுப்பில் வர வேண்டுமா, பழைய எக்ஸ்ரே கொண்டுவர வேண்டுமா, ஒரு தடவைக்கு ஃபீஸ் எவ்வளவு, பெண்களைப் பார்க்கப் பெண் தெரபிஸ்ட் எந்த நேரத்தில் இருப்பார், எந்த பஸ் ஸ்டாப்பில் இறங்க வேண்டும், எல்லாம் எழுதுங்கள். கிளினிக் மாடியில் இருந்தால் மாடி என்றே எழுதுங்கள், எத்தனை படி, கைப்பிடி இருக்கிறதா, லிஃப்ட் உண்டா என்பது உட்பட. முட்டிவலியோடு சேரன்மகாதேவியிலிருந்து பஸ் மாறி வருகிற ஆச்சி கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விடக்கூடாது.

சரி, வெளியே செருப்புச் சத்தம் கேட்கிறது, ஆள் வந்துவிட்டார். அடுத்த வீடியோவில் பீடித் தட்டுக்குப் பலகை எவ்வளவு உயரம் வைக்கலாம் என்று செய்தே காட்டுகிறேன்.